ஆயாவின் குதிரும் அப்பாவின் குத்தூசியும்

பள்ளிக்கரணையில் நெல் விளைந்தது என்றால் இன்று என் வீட்டுப் பிள்ளைகளே நம்ப மறுக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போய்வந்த 1970களின் கடைசியில், வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம் போகும் சாலைக்கு மேற்கே ஏரிப் பாசன வயல்கள்; கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கழுவேலி என்கிற சதுப்பு நிலம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு வரும். அது நிரம்பிக் கழுவேலியில் இறங்கும். கழுவேலித் தண்ணீர் மெல்ல மெல்ல ஒக்கியம் மடுவு வழியாக வடியும். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுச் சுவர்கூட ஓதம் பாய்ந்து கிடக்கும். துவைத்த துணி காயாது, அப்பளம் நமுத்துப் போகும், தீக்குச்சி கிழித்தால் பற்றாது. அந்த ஈரத்தைக் குதிரில் கிடந்த நெல்லும் குடித்தது. தை மாதம் அறுத்துக் காயவைத்துக் கொட்டிய சம்பா, ஐப்பசி பிறக்கும்போது ஒன்பது மாதப் பழசாகியிருக்கும். வண்டுக்கும் அந்துக்கும் அதைவிட நல்ல காலம் கிடையாது.

எங்கள் வீட்டுக் குதிர் கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. களிமண்ணில் வைக்கோலைப் பிசைந்து செய்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேரும் இடங்களில் சாணி மெழுகியிருப்பார்கள். அடி உறையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வாய். அதில் பழைய துணியைத் திணித்து வைத்திருப்பார்கள். குதிரின் பொறுப்பு முழுக்க ஆயாவிடம்தான். அப்பாவைப் பெற்றவள். எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு வந்தால் முதல் வேலையாகத் துணியை உருவி ஒரு கை நெல்லை முறத்தில் வாங்குவாள். புடைப்பாள். சொத்தை நெல் எடை குறைந்து முறத்தின் முன்னால் ஓடி வரும். அதை எடுத்து நகத்தால் உரித்து உள்ளே பார்ப்பாள். பிறகு நல்ல நெல்லில் நாலைந்தை வாயில் போட்டுக் கடிப்பாள். கடக்கென்று முறிந்தால் காய்ச்சல் சரி. நசுங்கினால், "ஈரம் கண்டுச்சுடி, நாளைக்கு வெயிலு வருமான்னு பாரு" என்று அம்மாவிடம் சொல்வாள். சில வெள்ளிக்கிழமைகளில் ஒரு பிடி நெல்லைச் சொம்புத் தண்ணீரில் போட்டு, எத்தனை மிதக்கிறது என்றும் பார்ப்பதுண்டு. உள்ளே புழு தின்று குடைந்த மணி மிதக்கும்.

இன்னொன்றும் செய்வாள், எனக்கு அதுதான் பிடிக்கும். மேல்மூடியை நகர்த்திவிட்டு, என்னைத் தூக்கிப் பிடித்து, "கையை வுடுடா கண்ணு, முழங்கை வரைக்கும் வுடு" என்பாள். நெல்லுக்குள் கை போகும்போது மேலே கதகதப்பும் உள்ளே குளிர்ச்சியும் இருக்கும். "எப்படிக் கீது?" என்று கேட்பாள். சில்லென்று இருக்கிறது என்றால் இறக்கிவிடுவாள். ஒரு இடத்தில் மட்டும் சுடுகிறது என்றால் அவள் முகம் மாறிவிடும். பூச்சி கூட்டமாக இருக்கும் இடத்தில் அவற்றின் மூச்சாலேயே தானியம் சூடேறுகிறது, சூட்டில் ஈரம் நகர்ந்து பூஞ்சணமும் சேர்கிறது என்பதை அப்பா பின்னாளில் விளக்கினார். ஆயாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. சுடும் இடத்தைத் தெரிந்துகொள்ளப் பேரனின் கை போதுமானதாக இருந்தது.

அப்பா வேலை பார்த்தது ஆவடியில், இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கில். அந்தக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965 சனவரி 14 அன்று, பொங்கல் நாளில் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. தலைமையகம் முதலில் சென்னையில்தான் இருந்தது. நாடு கப்பல் கோதுமையை எதிர்பார்த்துக் கிடந்த காலம் அது. அப்பா சில ஆண்டுகள் கழித்துத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தார். விடியற்காலையில் பேருந்து பிடித்துக் கிண்டி, அங்கிருந்து மின்ரயிலில் பார்க், இறங்கிச் சாலையைக் கடந்து சென்ட்ரல் பக்கம் போய் ஆவடி வண்டி. திரும்பும்போது சட்டை முழுக்கச் சாக்குத் தூசி வாசனை. பையில் சாப்பாட்டுத் தூக்கு, டார்ச் விளக்கு, குத்தூசி.

குத்தூசியைக் கையில் வாங்கிப் பார்க்காத ஊர்ப் பிள்ளைகளே கிடையாது. ஒரு முனை கூர். உடம்பு பாதி பிளந்த குழாய். மறுமுனை கைப்பிடி, அதுவும் உள்ளே ஓட்டை. மூட்டையில் குத்தும்போது பிளந்த பக்கம் கீழே பார்த்திருக்க வேண்டும். உள்ளே போனதும் மணிக்கட்டைத் திருப்பினால் பிளவு மேலே வரும், அதில் அரிசி விழும், கைப்பிடி வழியாக வழிந்து உள்ளங்கையில் சேரும். எடுத்த பிறகு அப்பா ஒன்று செய்வார்: ஊசி முனையால் அந்த ஓட்டையின் மேல் இரண்டு பக்கமும் கீறிவிடுவார். விலகிய சணல் இழைகள் மறுபடி கூடிக்கொள்ளும். ஒரு மணி சிந்தாது. அதைச் செய்யாமல் போகிறவரை அவர் வேலைக்காரராகவே மதித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேலையை வீட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்தார். கிடங்கில் மூட்டைகளை அட்டி அட்டியாகப் போட்டிருப்பார்கள். எல்லா மூட்டையையும் குத்திப் பார்க்க முடியாது. பத்து மூட்டை வரை இருந்தால் எல்லாவற்றிலும் எடு. நூறு வரை இருந்தால் கண்டபடி பத்து மூட்டையில் எடு. நூறுக்கு மேல் போனால் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். 400 மூட்டைக்கு 20. பள்ளிக்கூடத்தில் வர்க்கமூலம் எதற்கு என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை, எனக்கு அது அரிசி மூட்டையில் புரிந்தது. எடுத்த மாதிரிகளை ஒன்றாகக் கலந்து, செய்தித்தாளில் குவித்து, இரும்பு ஸ்கேலால் தட்டையாக்கி, நாலாகப் பிரிப்பார். எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி குவிப்பார். மறுபடி நாலு. இப்படியே குறைத்து அரைக் கிலோ வந்ததும் சல்லடை.

சல்லடைக்குக் கீழே வெள்ளைத்தாள். தாளில் விழுவதை எண்ணுவது என் வேலை. மூக்கு நீண்டு, முதுகில் நாலு மங்கல் பொட்டு வைத்திருந்தால் கூன்வண்டு. தலையைக் கழுத்துக்குள் இழுத்துக்கொண்டு உருளையாக இருந்தால் துளைப்பான். தட்டையாக, செங்காவி நிறத்தில் விறுவிறுவென்று ஓடினால் மாவு வண்டு. மாவு வண்டுக்கு முழு மணியைக் குடைய வலுவில்லை. மற்றவை குடைந்து போட்ட நொய்யையும் மாவையும் தின்று வாழும். ஆகவே அது நிறைய இருந்தால் மற்றவை முன்பே வந்துவிட்டன என்று பொருள். நான் உடனே எண்ணத் தொடங்கினால் அப்பா கையைப் பிடித்துக்கொள்வார். "பொறு. கூன்வண்டு ஆட்டினா செத்த மாதிரி காலை மடக்கிக்கும். கொஞ்ச நேரம் சும்மா விடு, நடக்கும். நடக்குறதைத்தான் எண்ணணும்." நாங்கள் இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்போம். முதலில் ஒரு கால் நீளும். பிறகு அந்த மூக்கு எழும்பும். பிறகு அது நேராகத் தாளின் ஓரத்துக்கு நடையைக் கட்டும்.

உயிருள்ள பூச்சி ஒன்றும் இல்லையென்றால் நோட்டில் "கிளியர்". ஓரிரண்டு என்றால் "ஃபியூ". அதற்கு மேல் "ஹெவி". இந்த மூன்று சொல்லும் எங்கள் வீட்டில் சகலத்துக்கும் புழங்கின. ஆயாகூடக் குதிரைப் பார்த்துவிட்டு, "கிளீரு" என்பாள்.

தாளில் ஒரே ஒரு கூன்வண்டு நடந்தாலும் அப்பா அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெண் வண்டு மணியில் சிறு குழி குடைந்து, முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. புழு, கூட்டுப்புழு எல்லாம் உள்ளேயே. நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, வளர்ந்த வண்டாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். நாம் காணும் ஒரு வண்டுக்குப் பின்னால் காணாத எத்தனையோ மணிக்குள் இருக்கின்றன. "கண்ணுக்குத் தெரியறது போன மாசத்துக் கணக்கு" என்பார் அப்பா. அதனால்தான் கிடங்கில் ஒவ்வொரு அட்டியையும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பார்த்தே தீர வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஒரு முறை தவறினால் ஒரு தலைமுறை பெருகிவிடும்.

ஒரு வருஷம் ஐப்பசியில் அந்து விழுந்தது. சாயங்காலம் சிம்னி விளக்கைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் பறந்தன. குதிர் மூடியைத் திறந்தால் ஒரு கொத்தாகக் கிளம்பின. ஆயா நொச்சியும் வேப்பிலையும் போட்டுத்தான் வைத்திருந்தாள். காய்ந்து பொடியான இலைக்கு அந்த வருஷ ஈரத்தைத் தாங்கும் பலம் இல்லை. செய்தி தெருவில் பரவி, தெரிந்தவர் ஒருவர் காகிதத்தில் மடித்து நாலு மாத்திரை கொண்டுவந்தார். "உள்ள போட்டு மூடிடுங்க, காலைல ஒண்ணு இருக்காது" என்றார். ஆயா கை நீட்டிவிட்டாள்.

அப்பா யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். அலுமினியம் பாஸ்பைடு. மூன்று கிராம் மாத்திரை ஒன்று காற்றிலுள்ள ஈரம் பட்டுக் கரைந்தால் ஒரு கிராம் பாஸ்பீன் வாயு வரும். கிடங்கில் ஒரு டன்னுக்கு மூன்று மாத்திரை கணக்கு. அட்டி முழுவதையும் தடித்த உறையால் போர்த்தி, தரையோடு சேரும் விளிம்பெல்லாம் மணல் பைகளை நெருக்கி வைத்து, வழக்கமாக ஒரு வாரம் பூட்டுவார்கள். வெளியே மண்டையோடு போட்ட பலகை தொங்கும். யாரும் உள்ளே போகக் கூடாது. இங்கே ஓட்டு வீடு. குதிரின் மூடி இறுகாது. அதற்கு நாலு அடி தள்ளி நாங்கள் பாயில் படுத்திருப்போம். "நாலு உசுரு படுக்கிற எடத்துல இதை வைப்பீங்களா?" என்று கேட்டார். வந்தவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு விவரம் தெரியாது. நல்லெண்ணத்தில் கொண்டுவந்தவர். எங்கே வாங்கினாரோ அங்கேயே உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி அப்பாவே கூடப் போய் வந்தார்.

மறுநாள் அப்பா கேட்டு வாங்கி வந்தது ஒரு பித்தளைக் குழாய். என்னைவிட உயரம். குழாய்க்குள் குழாய்; இரண்டிலும் வரிசையாக வாய்கள். மூடியபடி குதிருக்குள் இறக்கினார். அடியைத் தொட்டதும் கைப்பிடியைத் திருப்பினார். உள்ளே வாய்கள் ஒன்றோடொன்று பொருந்தித் திறந்து நெல் விழும் சத்தம் குழாய் வழியே கேட்டது. மறுபடி திருப்பி மூடி, மெல்ல வெளியே எடுத்து, தரையில் விரித்த வேட்டியின் மேல் கிடத்தித் திறந்தார். குதிரின் மேலிருந்து அடிவரை எந்த ஆழத்தில் எந்த நெல் இருந்ததோ அதே வரிசையில் வேட்டியில் சிறு சிறு குவியலாக விழுந்தது. ஆயா குனிந்து பார்த்தாள். முதல் குவியலில் பாதி மணியில் வட்ட ஓட்டை. இரண்டாவதில் ஒன்றிரண்டு. அதற்குக் கீழே எல்லாம் சுத்தம். கடித்துப் பார்த்தாள், கடக்.

அந்து வலுவில்லாத பூச்சி. நெல்லைத் துளைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போக அதனால் முடியாது, மேல்மட்டத்தோடு சரி. துளைப்பானாக இருந்திருந்தால் கதை வேறு. இது தெரிந்ததும் முடிவெடுப்பது எளிதாகிவிட்டது. மேலே ஒரு முழத்துக்கு நெல்லை வாரி எடுத்தார்கள். வெயில் வந்த முதல் நாள் வாசலில் விரித்துக் காயவைத்து, புடைத்து, உடனே அவித்து அரைத்துவிட்டார்கள். அவிக்கும்போது மணிக்குள் இருந்த புழுவும் செத்துவிடும். மிச்ச நெல்லைத் தொடவில்லை. புது வேப்பிலை, புது மெழுக்கு, அவ்வளவுதான். அடுத்த அறுவடை வரைக்கும் அது எங்களுக்குச் சோறு போட்டது. ஒரு மாத்திரை இல்லாமல்.

இப்போதும் இதை நான் பெரிதாக நினைக்கிறேன். பூச்சி என்றதும் மருந்து என்று கை நீட்டுவது வீட்டிலும் நடக்கிறது, கிடங்கிலும் நடக்கிறது. எந்தப் பூச்சி, எவ்வளவு, எந்த மட்டத்தில் என்று பார்க்காமல் போடும் மருந்து பாதி வீண். வீணோடு போனால் பரவாயில்லை. சரியாக மூடாமல் போட்ட புகையில் பலவீனமான பூச்சி சாகும், தாங்கிய பூச்சி தப்பிப் பெருகும். உலக உணவு வேளாண் அமைப்பு 1972-73இல் நாடு நாடாகப் பூச்சிகளைச் சேகரித்துச் சோதித்தபோதே பாஸ்பீனைத் தாங்கும் பூச்சிகள் தென்பட்டுவிட்டன. இன்று இந்தியக் கிடங்குகளில் துளைப்பானும் மாவு வண்டும் அந்த வாயுவுக்கு அடங்காமல் நிற்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். தானியக் கிடங்குகளுக்கு இருக்கும் பெரிய ஆயுதம் அந்த ஒரு வாயுதான். அதைக் காப்பாற்றும் வழி, தேவையில்லாதபோது எடுக்காமல் இருப்பது. தேவையா இல்லையா என்பதைக் குத்தூசிதான் சொல்ல வேண்டும்.

குத்தூசிக்கும் எல்லை உண்டு, அப்பா அதை ஒளித்ததில்லை. பூச்சி மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஓர் இடத்தில் குவிந்திருக்கும். ஊசி அந்த இடத்தைத் தொடாமல் போனால் "கிளியர்" என்று எழுதிவிடுவோம். இதற்கு 1967இல் கனடாவில் லோஷியாவோ, அட்கின்சன் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். ஓட்டை போட்ட குழாயைத் தானியத்துக்குள் செருகி விட்டுவிடுவது; உள்ளே அலையும் பூச்சி ஓட்டையில் நுழைந்து கீழே விழுந்து மாட்டிக்கொள்ளும். நாம் தேடிப் போக வேண்டாம், அது தேடி வரும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியர் எஸ். மோகன் இதை நம் ஊருக்கு ஏற்றபடி எளிதாக்கினார். இரண்டு மில்லிமீட்டர் ஓட்டைகள் கொண்ட குழாய், அடியில் கழற்றக்கூடிய வெள்ளைக் கூம்பு. பூச்சிக்குக் காற்றோட்டம் பிடிக்கும், காற்று உள்ள பக்கம் நகரும் என்ற ஒரே குணத்தை வைத்து வேலை செய்கிறது. மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. கையால் மாதிரி எடுத்துச் சலிப்பதைவிடப் பல மடங்கு பூச்சி இதில் சிக்குகிறது. எண்ணிக்கையும் தெரிகிறது, பூச்சியும் குறைகிறது.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஒரு விவசாயக் கண்காட்சியில் இதை வாங்கி வந்தார். ஆயா அப்போது கட்டிலோடு இருந்தாள். கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். "இது உள்ளயே இருக்குமா?" என்றாள். இருக்கும் என்றார். "ராத்திரிலயும்?" ஆமாம் என்றார். "அப்ப நல்லது. எனக்கு ராத்திரில எழுந்து பாக்க முடியல" என்றாள். அவள் போன சில வருஷங்களில் வயலும் போனது. கடைசிச் சம்பாவை அறுத்த நிலத்தில் இப்போது நாலு மாடி நிற்கிறது. குதிரை உடைத்து மண்ணைத் தென்னைக்குப் போட்டோம். கழுவேலியில் மிஞ்சியதை 2022இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஈரம் மட்டும் குறையவில்லை. ஐப்பசியில் இப்போதும் அப்பளம் நமுக்கிறது.

இன்றைக்கு நம் வீடுகளுக்கு அரிசி 25 கிலோ பையில் வருகிறது. வண்டைக் கண்டால் சிலர் பையோடு தூக்கிப் போடுகிறார்கள், சிலர் கடையில் கிடைத்த எதையாவது வாங்கி டிரம்மில் போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். வாரம் ஒருமுறை டிரம்மைத் திறந்து மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் ஒவ்வொரு பிடி எடுங்கள். சலித்து வெள்ளைத்தாளில் போட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். நடப்பதை எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் காயவைத்துப் புடைத்து அந்த அரிசியை முதலில் சமைத்துவிடுங்கள். நிறைய என்றால் டிரம்மைக் காலி செய்து, இடுக்கெல்லாம் துடைத்து, வெயிலில் வைத்த பிறகே புது அரிசி கொட்டுங்கள். பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். யார் கொடுத்தாலும் அந்த மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பாஸ்பீன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது.